பெயர் வெட்டப்பட்ட மூலிகைப் படங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கடந்த ஞாயிறு இணைப்பில், வீட்டுச் சுவருக்கு அழகு சேர்க்கும் பரிசுப்பொருள்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பழங்காலத் தாவர நூல்களில் இடம்பெற்ற மூலிகை ஓவியங்களைச் சட்டம் போட்டுப் பரிசளிக்கும் வழக்கம் பரவிவருவதைக் கட்டுரையாளர் மனமார வரவேற்றிருந்தார். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. பரணுக்குப் போய்ச் சேரும் பரிசுகளுக்கு நடுவே, பெற்றவர் நாள்தோறும் நின்று பார்க்கக்கூடிய ஒன்றைக் கொடுப்பது நல்ல காரியமே. ஆனால் அக்கட்டுரையோடு வெளியான மூன்று படங்களில் ஒன்றிலும் செடியின் பெயர் இல்லை. வரைந்தவர் யார், எந்த நூலிலிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பும் இல்லை. மூன்றுக்கும் சேர்த்து 'கண்ணைக் கவரும் மூலிகை ஓவியங்கள்' என்று ஒற்றை வரி மட்டுமே இருந்தது. இந்தக் குறை அக்கட்டுரையோடு நின்றுவிடுவதில்லை, இன்று விற்பனையாகும் இத்தகைய படங்களில் மிகப் பலவற்றுக்கும் பொதுவானது என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், இதயச் சிகிச்சை முடிந்து நான் வீடு திரும்பியபோது, உடன் பணிபுரிந்தவர்கள் சேர்ந்து இத்தகைய ஓவியம் ஒன்றை எனக்குப் பரிசளித்தார்கள். நிமிர்ந்து நிற்கும் தண்டின் ஒரு பக்கமாகவே அடுக்கடுக்காகத் தொங்கும் ஊதாநிற மணிப்பூக்கள். ஒவ்வொரு பூவின் உட்புறத்திலும், தூரிகையின் முனையால் தொட்டு வைத்தாற்போல், வெள்ளை விளிம்பிட்ட கருஞ்சிவப்புப் புள்ளிகள். படத்தின் பின்பக்கம் 'மூலிகை, எண் 7' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. செடி எது என்று கொடுத்தவர்களுக்கும் தெரியவில்லை. சட்டம் போட்டு விற்றவருக்கும் தெரியவில்லை. ஓய்வில் இருந்த எனக்கு வேறு வேலை இல்லாததால், பழைய மூலிகை நூல்களின் ஸ்கேன் படிகளை இணையத்தில் ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒரு மாதம் கழித்து அதைக் கண்டுபிடித்தேன். அது ஃபாக்ஸ்குளோவ், அதாவது டிஜிட்டாலிஸ் பர்பூரியா. 1785-ஆம் ஆண்டில் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர், உடலில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு இச்செடியின் இலையை எந்த அளவில் கொடுக்கலாம், அளவு மிஞ்சினால் என்ன நேரும் என்று நோயாளி நோயாளியாகக் குறித்து வைத்து ஒரு நூல் வெளியிட்டார். இதயத் துடிப்பைச் சீர்ப்படுத்த மருத்துவர்கள் இன்றும் எழுதித்தரும் டிகாக்சின் இதே பேரினத்தைச் சேர்ந்த உறவுச்செடி ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. சிகிச்சைக்குப் பின் நான் விழுங்கிவந்த மாத்திரைகளில் அதுவும் ஒன்று. என் மாத்திரையின் பாட்டனாரையே சட்டம் போட்டு எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர்களுக்கும் தெரியாமல், வாங்கியவனுக்கும் தெரியாமல் அது ஒரு மாத காலம் சுவரில் தொங்கியிருக்கிறது.

மூலப்படத்தைப் பார்த்தபோதுதான், என் கைக்கு வந்தது ஏறக்குறைய முக்கால் பங்கு படமே என்பதும் தெரிந்தது. ஜெர்மனியின் கேரா நகரில் 1887 முதல் வெளியான கோலரின் மருந்துத் தாவர நூலிலிருந்து எடுக்கப்பட்ட படம் அது. அந்நூலின் ஒவ்வொரு தாளிலும் செடியின் லத்தீன் பெயர் அடியில் அச்சிடப்பட்டிருக்கும். முதன்மைக் கிளையைச் சுற்றிலும், நெடுக்காகப் பிளந்த பூ, தனியே எடுத்த மகரந்தத் தாள்கள், குறுக்கே வெட்டிய சூலகம், பல மடங்கு பெரிதாக்கிய விதை என்று சின்னஞ்சிறு படங்கள் எண்ணிட்டு வரையப்பட்டிருக்கும். என் படத்தில் சட்டத்தின் அளவுக்குப் பொருந்தும்படி அடிப்பகுதியை நறுக்கியிருந்தார்கள். பெயரும் போயிற்று, எண்ணிட்ட உறுப்புப் படங்களும் போயின. எஞ்சியது ஓர் அழகான பூங்கொத்து. பூங்கொத்துதான் வேண்டுமென்றால் அதை வரைவதற்கு எத்தனையோ ஓவியர்கள் இருக்கிறார்கள். மூலிகை நூலுக்கு வரைந்தவர்கள் வேறொரு வேலைக்காக உட்கார்ந்தவர்கள். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு காட்டில் ஒருவர் சரியான செடியைப் பறிக்க வேண்டும், அதைப் போலவே இருக்கும் நச்சுச்செடியை விட்டுவிட வேண்டும் என்பதே அவர்களுக்கு இடப்பட்ட பணி.

இத்தகைய ஓவியத்தைப் பரிசளிப்பது புதிய நாகரிகம் என்று கட்டுரையாளர் குறிப்பிட்டிருந்தார். அது அவ்வளவு புதிதல்ல. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடிஸ் எழுதிய மருந்துப்பொருள் நூலின் மிகப் பழைய படமுள்ள பிரதி ஒன்று இப்போது வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. கி.பி. 512-ஐ ஒட்டி கான்ஸ்டான்டிநோபிளில் உருவான அந்தப் பிரதி, தங்கள் பகுதியில் தேவாலயம் கட்டிக் கொடுத்த அனிசியா ஜூலியானா என்ற அரசகுலப் பெண்மணிக்கு, அப்பகுதி மக்கள் நன்றியோடு அளித்த பரிசுதான். 300-க்கும் மேற்பட்ட செடிகள் அதில் வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன. ஒவ்வொரு செடிக்கும் அருகில் கிரேக்கப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது; பின்வந்த நூற்றாண்டுகளில் அதைப் பயன்படுத்திய மருத்துவர்கள் அதே செடிக்கு அரபியிலும் எபிரேயத்திலும் வழங்கும் பெயர்களை ஓரத்தில் எழுதிச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகள் கைமாறிக் கைமாறி அந்தப் படங்களின் ஓரத்தில் பெயர்கள் கூடிக்கொண்டே வந்தன. நாமோ இருந்த ஒரே பெயரையும் கத்தரித்துவிட்டுக் கொடுக்கிறோம்.

நறுக்கப்படும் அந்த அடிஓரத்தில் செடியின் பெயரோடு இன்னொன்றும் போகிறது. வரைந்த கையின் பெயர். பழைய செப்புத்தகட்டு அச்சுப் படங்களின் அடியில், இடப்புற மூலையிலும் வலப்புற மூலையிலும் எறும்பு ஊர்ந்தாற்போன்ற பொடி எழுத்தில் இரண்டு பெயர்கள் இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒன்றையடுத்து 'டெல்.' என்றிருந்தால் அவர் வரைந்தவர், 'ஸ்கல்ப்.' என்றிருந்தால் அவர் தகட்டில் வெட்டியவர். எலிசபெத் பிளாக்வெல்லின் படங்களில் இந்த இரண்டு வேலைகளோடு வண்ணம் தீட்டிய வேலைக்கும் சேர்த்து அவர் பெயர் ஒன்றே நிற்கிறது. கடன் கட்ட முடியாமல் சிறைக்குப் போன கணவரை மீட்பதற்காக, லண்டனில் செல்சி மருந்துத் தோட்டத்தின் அருகில் குடியேறி, அங்கே வளர்ந்த செடிகளை நேரில் பார்த்து வரைந்து, செப்புத்தகட்டில் தாமே வெட்டி, அச்சான தாள்களுக்குத் தாமே வண்ணமும் பூசினார் அந்தப் பெண்மணி. சிறையிலிருந்த கணவர் அலெக்சாண்டர் செடிகளின் பெயர்களைப் பல மொழிகளில் எழுதித் தந்தார். 1737 முதல் 1739 வரை, வாரத்துக்கு நான்கு படங்கள் வீதம் 500 படங்கள் வெளிவந்தன. கணவர் விடுதலையானார், பின்னர் சுவீடனுக்குப் போய் அங்கே அரசியல் சதிக் குற்றச்சாட்டில் 1747-இல் மரண தண்டனை பெற்றார் என்பது வேறு கதை. இப்போது அதே படங்கள் அச்சிட்டுச் சட்டம் போட்டு விற்கப்படுகின்றன. அவற்றில் அடிஓரம் நறுக்கப்பட்ட ஒன்றை வாங்குபவர், மூன்று வேலைக்காரர்களின் வேலையை ஒரு பெண் தனியாகச் செய்தார் என்பதற்கு இருந்த ஒரே சான்றையும் இழந்துவிடுகிறார்.

இதற்கும் ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மரியாதையை முறையாகச் செய்து காட்டியவர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர். 1542-இல் பாசல் நகரில் வெளியான அவருடைய மூலிகை நூலில் 500-க்கும் மேற்பட்ட மரச்செதுக்குப் படங்கள் உள்ளன. செடியைப் பார்த்து வரைந்த ஆல்பிரெக்ட் மேயர், அதை மரக்கட்டையில் படியெடுத்த ஹைன்ரிச் ஃபுல்மாவுரர், செதுக்கிய ஃபைட் ருடால்ஃப் ஷ்பெக்லே ஆகிய மூவரும் அந்நூலில் உருவப்படங்களாகவே இடம்பெற்றிருக்கிறார்கள். என் சுவரில் தொங்கும் செடிக்கு டிஜிட்டாலிஸ் என்று பெயர் வைத்தவரும் இதே ஃபுக்ஸ்தான். அந்தப் பூவை ஜெர்மன் மொழியில் தையல்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தானின் பெயரால் அழைத்தார்கள். விரல் என்னும் பொருள்தரும் லத்தீன் சொல்லிலிருந்து அவர் இப்பெயரை அமைத்தார். 'மூலிகை, எண் 7' என்ற சீட்டுக்குப் பதிலாக இந்த ஒரு செய்தியைப் படத்தின் பின்னால் ஒட்டியிருந்தால் பரிசின் மதிப்பு எவ்வளவு உயர்ந்திருக்கும்!

நம் பக்கத்துச் செடிகளின் படங்களுக்கும் இதே நிலைதான். ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளியான, மலபார்ப் பகுதிச் செடிகளைப் பற்றிய 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' நூலின் படங்கள் இன்று பரிசுச் சந்தையில் மிகவும் விரும்பப்படுகின்றன. டச்சு ஆளுநர் வான் ரீட் அதைத் தொகுத்தார் என்றாலும், செடிகளையும் அவற்றின் மருத்துவக் குணங்களையும் சொன்னவர்களில் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்ற வைத்தியர். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும் உடன் உழைத்தார்கள். அவர்களுடைய சாட்சியக் கடிதங்கள் நூலிலேயே அச்சாகியுள்ளன. படங்களில் செடியின் பெயர் ரோமன், மலையாளம், அரபு, நாகரி ஆகிய எழுத்துகளில் தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருப்பதால், அங்கே நறுக்குபவர்களுக்கு வேலை கொஞ்சம் கடினம், கணினியில் அழித்துவிடுகிறார்கள். 'கிர்கனெலி' என்று ரோமன் எழுத்தில் இருப்பதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தால், அது நம் கீழாநெல்லியின் உறவு என்று தமிழ் வாசகர் எவருக்கும் காது சொல்லிவிடும். அந்த எழுத்தை அழித்துவிட்டால் அது ஏதோ ஓர் இலைக்கொத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் சென்னை மாகாணத்துச் செடிகளைப் பற்றி வெளியிட்ட நூல்களுக்கு ரங்கையா, கோவிந்து என்ற இரு இந்திய ஓவியர்கள் வரைந்தார்கள். வைட் அவர்களுடைய பெயர்களைப் படங்களின் அடியில் அச்சிட்டதோடு நில்லாமல், ஆர்க்கிட் பேரினம் ஒன்றுக்கு கோவிந்துவின் பெயரையே சூட்டினார். அக்காலத்தில் கம்பெனி அதிகாரிகளுக்காக வரைந்த நம்மவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் எங்கும் பதிவாகாமலே போய்விட்டன. பதிவான ஓரிரண்டு பெயர்களும் இன்று சட்டம் போடும் இடத்துக் குப்பைக்கூடைக்குப் போவதை என்னால் சிறிய விஷயமாக எண்ண முடியவில்லை.

பெயரை வெட்டுபவர்கள் பழமையை மட்டும் தாராளமாகக் கூட்டித் தருகிறார்கள் என்பது இன்னொரு வேடிக்கை. நேற்று அச்சான தாளுக்குத் தேநீர்க் கறையைப் போன்ற பழுப்பு நிறம் ஏற்றி, ஓரங்களைக் கிழித்து, 'பழமையான ஓவியம்' என்று விற்கிறார்கள். உண்மையில் பழையதா என்று பார்க்க ஒரு லென்ஸ் போதும். இன்றைய அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் ஒழுங்கான வட்டங்களாகக் கோத்து நிற்பது தெரியும். கோலரின் காலத்து வண்ணக் கல்லச்சில், நிறத்துக்கு ஒரு கல்லாக அடுத்தடுத்து அழுத்தியதால், புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். செப்புத்தகட்டு அச்சாக இருந்தால், தகடு அழுந்திய பள்ளம் படத்தைச் சுற்றி நாற்சதுரமாக விரலுக்குத் தட்டுப்படும். கையால் வண்ணம் பூசிய பழைய தாளைத் திருப்பிப் பார்த்தால், முன்பக்கத்தில் இலை பச்சையாக இருக்கும் அதே இடத்தில் பின்பக்கம் பழுப்பேறியிருப்பதைச் சில வேளைகளில் காணலாம். செம்பிலிருந்து எடுத்த பச்சை நிறம் காலப்போக்கில் தாளை அரித்ததன் தடம் அது. முன்பக்கத்துச் செடிக்குப் பின்பக்கத்தில் விழுந்த நிழலைப் போன்ற அந்தப் பழுப்பை எந்தத் தேநீர்க் கறையாலும் போலியாகச் செய்ய முடியாது.

அதற்காக அசல் தாளைத்தான் பரிசளிக்க வேண்டும் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். என் கருத்து அதற்கு நேர் எதிரானது. சந்தையில் தனித்தனியாகக் கிடைக்கும் அசல் தாள்களில் பெரும்பாலானவை, முழு நூலாக இருந்தவற்றைத் தையல் பிரித்துப் பிய்த்தெடுத்தவை. நூலாக விற்பதைவிடத் தாள் தாளாக விற்றால் கூடுதல் பணம் கிடைக்கும் என்பதால், இருநூறு முந்நூறு ஆண்டுகள் தப்பிப் பிழைத்த புத்தகங்கள் பிரிக்கப்படுகின்றன. விளக்கம் எழுதிய பக்கங்களுக்கு விலை இல்லாததால் அவை தூக்கி எறியப்படுகின்றன. ஒருவருடைய வரவேற்பறை அழகுக்காக அப்படி ஒரு நூலைக் கொல்வதைவிட, நல்ல தாளில் எடுத்த நேர்மையான மறுஅச்சைக் கொடுப்பது எவ்வளவோ மேல். இந்நூல்களின் பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. 2006-இல் தொடங்கப்பட்ட பல்லுயிர் மரபு நூலகம் என்ற இணைய நூலகத்தில் தாவரவியல் நூலகங்கள் பலவும் தங்கள் பழைய நூல்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, எவரும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கின்றன. அங்கே கிடைப்பது ஓரத்தோடு கூடிய முழுத் தாள். அதை அப்படியே அச்சிட்டு, சட்டம் போடுபவரிடம் அடிஓரத்தில் கை வைக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சட்டத்துக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் உள்ளட்டையின் சாளரத்தை இரண்டு விரற்கடை நீளமாக வெட்டச் சொன்னால், பெயரும் எண்ணிட்ட உறுப்புகளும் கண்ணாடிக்குள் அழகாகவே அமர்ந்துகொள்ளும். அமிலமில்லாத அட்டை வைப்பதும், வெயில் நேராக விழாத சுவரில் மாட்டுவதும் எந்தத் தாளுக்கும் பொருந்தும் விதிகள்தான்.

அலங்காரத்துக்குத்தானே, பெயர் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். மூலிகை என்று சொல்லிக் கொடுக்கும்போது, வாங்குபவர் அதை நன்மை தரும் செடி என்றே எடுத்துக்கொள்கிறார் என்பது என் பதில். பழைய மருந்து நூல்களில் எட்டியும் உண்டு, ஊமத்தையும் உண்டு, பெல்லடோனாவும் உண்டு. அளவறிந்த கையில் அவை மருந்து, அறியாத கையில் நஞ்சு. என் சுவரிலுள்ள ஃபாக்ஸ்குளோவின் இலையை, பூக்காத பருவத்தில், காம்ஃப்ரே என்ற வேறொரு செடியின் இலை என்று எண்ணித் தேநீர் போட்டுக் குடித்து நஞ்சேறியவர்கள் மேலை நாடுகளில் உண்டு. எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன என்பது நம் பழமொழி; இங்கே ஈபவரே பழுத்த எட்டியைச் சட்டம் போட்டு ஈகிறார். ஈயட்டும், தவறில்லை, எட்டியின் படம் பார்க்க அழகானதே. அது எட்டி என்று சொல்லி ஈயட்டும்.

இனி, தங்கள் இணைப்பில் வந்த மூன்று படங்களுக்கு வருகிறேன். முதலாவது, கோலரின் நூலிலுள்ள கசகசாச் செடி. அபின் எடுப்பதும் அதன் காயிலிருந்துதான். இரண்டாவது, அதே நூலிலிருந்து ஜாதிக்காய். பிளந்த கனிக்குள் கொட்டையைப் பின்னிக்கொண்டிருக்கும் செந்நிற ஜாதிபத்திரியே அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. மூன்றாவதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. குடைபோல் விரிந்த வெள்ளைப் பூங்கொத்தும் இறகுபோல் பிளந்த இலைகளும் கொண்ட அது, சீமைச்சீரகம் போன்ற சமையலறைச் செடிகளில் ஒன்றாக இருக்கலாம். சாக்ரடீசுக்குக் கொடுக்கப்பட்ட ஹெம்லாக்காகவும் இருக்கலாம். இந்தக் குடும்பத்துச் செடிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய விதையின் வடிவத்தைப் பார்க்க வேண்டும், ஹெம்லாக்கின் தண்டில் காணும் ஊதாப் புள்ளிகளைத் தேட வேண்டும். தங்கள் பக்கத்தில் தண்டின் அடியும், விதையின் பெரிதாக்கிய படமும், பெயரும் இருந்திருக்க வேண்டிய பகுதி மூன்று விரற்கடை அளவுக்கு வெட்டப்பட்டிருக்கிறது. மூலப்படம் தங்கள் அலுவலகத்தில் இருக்குமானால், அச்செடியின் பெயரை அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்